சுண்ணாம்பு கல்லாகும் முன்

பள்ளி ஆய்வகத்தில் எல்லோரும் ஒருமுறையாவது செய்திருப்போம். தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, உறிஞ்சுகுழல் வைத்து ஊத வேண்டும். ஐந்தாறு மூச்சில் நீர் பாலாக வெளுக்கும். மூச்சில் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது என்று நோட்டில் எழுதிவிட்டு, குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்துவிடுவோம். அப்படிக் கழுவிக் கொட்டியதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. பார்க்க வேண்டியது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அந்த வெண்மை கால்சியம் கார்பனேட் என்பது சரி. ஆனால் பிறந்த கணத்தில் அது பளிங்குக் கல்லில் இருக்கிற கால்சியம் கார்பனேட் மாதிரி இருப்பதில்லை. அணுக்கள் வரிசை கட்டாமல், நீரையும் உள்ளே பொதிந்துகொண்டு, நுண்ணிய உருண்டைகளாக வருகிறது. ஓர் உருண்டையின் குறுக்களவு சில பத்து நானோமீட்டரிலிருந்து சில நூறு நானோமீட்டர் வரை. ஒரு கால்சியம் கார்பனேட்டுக்கு ஏறத்தாழ ஒரு நீர் மூலக்கூறு என்ற கணக்கில் உள்ளே ஈரம் இருக்கும். இதைத்தான் படிக வடிவமற்ற கால்சியம் கார்பனேட் என்கிறார்கள். கண்ணாடியைப் போல இதுவும் ஒழுங்கில்லாத திண்மம். வேறெதுவும் கலக்காத நீரில், அறை வெப்பநிலையில், இதன் ஆயுள் சில நிமிடங்கள்தான், பிறகு படிகமாகிவிடும்.

அந்த நீரில் இன்னொரு பொருள் ஒரு சிட்டிகை கலந்திருந்தால் நிமிடங்கள் மணிக்கணக்காக நீளும், சில சமயம் மாதக்கணக்காகவும் நீளும். கடைசியில் எந்தப் படிகம் வரும் என்பதும் மாறலாம். சிப்பிக்குள் முத்து வளர்வதிலும், கோழி ஒரு நாளுக்குள் முட்டை ஓடு கட்டுவதிலும், வாட்டர் ஹீட்டர் காயிலில் உப்பு படிவதிலும், பழைய வீட்டுச் சுவரில் சுண்ணாம்புச் சாந்து இறுகுவதிலும் நடப்பது அடிப்படையில் ஒன்றே. இந்தச் சேர்மானங்கள் எங்கே போய் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கின்றன என்று பார்ப்போம்.

ஏன் முதலில் ஒழுங்கின்மை?

கால்சியம் கார்பனேட்டுக்கு நீரில்லாத மூன்று படிக வடிவங்கள் உண்டு. கால்சைட், அரகோனைட், வேட்டரைட். சாதாரண வெப்பத்திலும் அழுத்தத்திலும் நிலையானது கால்சைட். எல்லாமே கடைசியில் அங்கேதான் போய்ச் சேர வேண்டும். ஆனால் நீரில் கால்சியமும் கார்பனேட்டும் மிகுந்து, கரைசல் தாங்கும் அளவையும் மீறிய மீதெவிட்டிய நிலைக்குப் போகும்போது முதலில் பிரிவது மிக நிலையான வடிவமாக இருக்க வேண்டியதில்லை. எளிதாக உருவாகக்கூடிய வடிவமே முந்திக்கொள்ளும். வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட் 1897-இல் சொன்ன படிநிலை விதி இது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் முதலில் வாசலில் திரளும். இலை பார்த்து வரிசையாக உட்காரப் பிறகு நேரமாகும். அயனிகளும் அப்படித்தான். கால்சியம் அயனி தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டுதான் கரைசலில் திரிகிறது. கால்சைட்டுக்குள் இடம் வேண்டுமானால் அந்தப் போர்வையை முழுதாகக் களைந்து, சொன்ன இடத்தில், சொன்ன திசையில் நிற்க வேண்டும். வடிவமற்ற திரளுக்குள் நுழைய அவ்வளவு கட்டுப்பாடு இல்லை. போர்வையில் பாதியோடு உள்ளே போய்விடலாம்.

இந்தச் சலுகைக்கு விலையும் உண்டு. ப்ரெசெவிச், நீல்சன் இருவரும் 1989-இல் அளந்த கரைதிறன் பெருக்கத்தைக் கால்சைட்டின் மதிப்போடு ஒப்பிட்டால், வடிவமற்றதன் மதிப்பு சுமார் 120 மடங்கு அதிகம். அதாவது, எளிதாகப் பிரிகிற பொருள் எளிதாகவே கரைந்தும் போகும். பக்கத்தில் ஒரே ஒரு கால்சைட் துகள் முளைத்துவிட்டால் போதும், உருண்டைகள் கரையக் கரைய அந்தக் கால்சைட் அவற்றைத் தின்று வளரும்.

இதை நுண்ணோக்கியில் பார்க்க முடியும். ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் இரண்டு வடிகட்டிகளைக் குறுக்காக வைத்து (குறுக்கு முனைவாக்கிகள்), நடுவே ஒரு துளியை வைத்தால் வடிவமற்ற உருண்டைகள் இருட்டாகவே தெரியும். அவற்றுக்குள் திசை ஒழுங்கு இல்லை, ஒளியைத் திருப்ப எதுவும் இல்லை. சற்று நேரத்தில் எங்காவது ஒரு புள்ளி பளிச்சென்று மின்னும். அதுதான் படிகம். சாதாரண ஒளிக்கு மாற்றிப் பார்த்தால் அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு தெளிந்த வட்டம் அகன்றுகொண்டே போவது தெரியும். அங்கிருந்த உருண்டைகள் கரைந்து காலியான இடம் அது. இன்னும் செறிவான கரைசல்களில் கண்ணாலேயே பார்க்கலாம். கால்சியம் குளோரைடையும் சலவைச் சோடாவையும் அடர்த்தியாகக் கரைத்து ஒன்றாக ஊற்றினால் கலவை கஞ்சிக் கூழ்போலக் கெட்டியாகிக் கரண்டியைப் பிடிக்கும். கலக்கிக்கொண்டே இருந்தால் சிறிது நேரத்தில் அந்தக் கூழ் தளர்ந்து மெல்லிய பாலாகிவிடும். கூழாக நின்றது வடிவமற்ற நிலை. பாலில் மிதப்பது படிகம்.

பாதையில் இடைநிறுத்தங்களும் உண்டு. மீதெவிட்டல் அதிகமாக இருக்கும்போது வடிவமற்ற உருண்டை சில நிமிடங்களில் வேட்டரைட்டாகி, அந்த வேட்டரைட் கரைந்து மறுபடி கால்சைட்டாகப் படியச் சில மணி நேரம் ஆவதை லீட்ஸ் பல்கலைக்கழகக் குழு 2011-இல் விநாடிக் கணக்கில் பின்தொடர்ந்து காட்டியது. சேர்மானம் எதுவும் இல்லாத பாதை இது.

எங்கே உட்காருகிறது என்பதே கேள்வி

சேர்மானங்களைப் பற்றிய பழைய பேச்சில் இரண்டு சொற்கள்தான் அடிபடும்: தடுப்பான், ஊக்கி. இந்தப் பொருள் படிகமாதலைத் தடுக்கும், அது தூண்டும் என்று பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று முரண்படும். ஒருவர் தடுப்பான் என்று எழுதியதை இன்னொருவர் ஊக்கி என்று எழுதியிருப்பார். இருவரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். பொருளின் பெயரை மட்டும் வைத்து அதன் வேலையைச் சொல்ல முடியாது என்பதுதான் என் எண்ணம். அது எந்தக் கட்டத்தில், எந்த இடத்தில், எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொன்னால்தான் வேலை தெரியும்.

இதை அழகாகப் பிரித்துக் காட்டியது ஜெர்மனியில் கெபாவர், கோல்ஃபன் குழுவினர் செய்த டைட்ரேஷன். 2008, 2009 ஆண்டுகளில் வந்தது. பியூரெட்டிலிருந்து கால்சியம் குளோரைடு துளித்துளியாகக் கார்பனேட் கரைசலில் விழும். காரத்தன்மை மாறாமல் பார்த்துக்கொள்வார்கள். உள்ளே ஒரு கால்சியம் மின்முனை, கட்டில்லாமல் திரியும் கால்சியம் எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஊற்றிய அளவுக்குக் கோடு ஏற வேண்டும், ஏறுவதில்லை. எதுவும் படியாத தெளிந்த கரைசலிலேயே கால்சியத்தின் ஒரு பகுதி கார்பனேட்டோடு சேர்ந்து சிறு கொத்துகளாகிவிடுகிறது என்று அவர்கள் சொன்னார்கள். கோடு ஏறி, உச்சி தொட்டு, சடாரென்று விழும். விழும் இடம்தான் திண்மம் பிரியும் கணம். விழுந்து நிற்கும் மட்டம், பிரிந்தது எவ்வளவு கரையக்கூடியது என்பதைக் காட்டும்.

இப்போது அதே கரைசலில் ஒரு சேர்மானத்தைப் போட்டுவிட்டு அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு தொடக்கத்திலேயே தாமதித்து ஏறினால், சேர்மானம் கால்சியத்தைத் தானே பிடித்துக்கொள்கிறது. சாய்வு மாறினால், கொத்துகளின் பிணைப்பில் கை வைக்கிறது. உச்சி தள்ளிப்போனால், கொத்துகள் திரண்டு திண்மமாவதைத் தடுக்கிறது. விழுந்த பிறகு மட்டம் உயர்ந்து நின்றால், வடிவமற்ற நிலையைக் கலையவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது. ஒரே பொருள் இவற்றில் இரண்டு மூன்றை ஒருசேரச் செய்யலாம். கொத்துகள் எவ்வளவு நிலையானவை, அவற்றை என்ன பெயரால் அழைப்பது என்பதில் இன்னும் காரசாரமான விவாதம் நடக்கிறது. விவாதம் எப்படி முடிந்தாலும், தடுப்பான் என்ற ஒற்றைச் சொல்லை உடைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது இந்தக் கோடுதான்.

மக்னீசியம்: போர்வையை விடாதவன்

சேர்மானங்களில் மூத்தது மக்னீசியம். கடலில் ஒரு கால்சியத்துக்கு ஐந்து மக்னீசியம் இருக்கிறது. மேல்மட்டக் கடல்நீர் கால்சைட்டைப் பொறுத்து எப்போதும் மீதெவிட்டிய நிலையில்தான் இருக்கிறது. ஆனாலும் கடல் தானாகச் சுண்ணாம்பாகப் படிந்துவிடுவதில்லை. அதற்கு மக்னீசியம் ஒரு பெரிய காரணம்.

கால்சியமும் மக்னீசியமும் ஒரே மின்சுமை கொண்டவை. ஆனால் கால்சியத்தின் ஆரம் 100 பைக்கோமீட்டர், மக்னீசியத்துக்கு 72. சின்ன உருவத்தில் அதே மின்சுமை இருப்பதால் நீர் மூலக்கூறுகளை மக்னீசியம் இறுகப் பிடிக்கும். தன்னைச் சுற்றியுள்ள நீரைக் கால்சியம் மாற்றிக்கொள்ளும் வேகம் மக்னீசியத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். பந்தி வாசலில் போர்வையைக் கழற்றவே மாட்டேன் என்று நிற்கிற ஆள் மக்னீசியம். வடிவமற்ற உருண்டைக்குள் அது புகுந்துவிட்டால் உள்ளிருக்கும் நீரும் சுலபமாக வெளியேறாது. நீர் வெளியேறாமல் படிகம் இல்லை.

இதில் ஒரு முரண் உண்டு. மக்னீசியம் கூடக்கூட வடிவமற்ற கார்பனேட்டின் கரைதிறன் ஏறுகிறது. கரைதிறன் ஏறினால் கால்சைட்டை நோக்கிய சரிவு இன்னும் செங்குத்தாகிறது. அதன்படி பார்த்தால் மாற்றம் வேகமாக நடக்க வேண்டும். நடப்பதோ மெதுவாக. காரணம், சரிவு செங்குத்தானாலும் நடுவில் நிற்கும் மதில் உயர்ந்துவிட்டது. நிலைத்தன்மை வேறு, தாமதம் வேறு. சேர்மானம் வடிவமற்ற நிலையை நிலைப்படுத்துகிறது என்று எழுதும்போது பெரும்பாலும் நாம் சொல்வது தாமதத்தைத்தான்.

தாமதம் முடிந்து மாறும்போதும் மக்னீசியம் விடுவதில்லை. கால்சைட் வளரும்போது மக்னீசியம் அதன் அணிக்கோவைக்குள், அதாவது அணுக்களின் ஒழுங்கான அடுக்குக்குள், நுழைந்து, அந்தக் கால்சைட்டின் கரைதிறனை உயர்த்திவிடுகிறது. டேவிஸ், டவ், டி யோரியோ 2000-ஆம் ஆண்டில் படிகப் பரப்பில் படிகள் நகரும் வேகத்தை அளந்து இதை உறுதி செய்தார்கள். அரகோனைட்டின் அணிக்கோவையில் மக்னீசியத்துக்கு இடமே சரிப்படாது. அதனால் அரகோனைட் பாதிக்கப்படாமல் முந்துகிறது. இன்றைய வெப்பமண்டலக் கடல்களில் அரகோனைட் அதிகம் படிவதும், மக்னீசிய விகிதம் குறைந்திருந்த டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேஷியஸ் காலக் கடல்களில் கால்சைட் மிகுந்திருந்ததும் இதனால்தான். மக்னீசியம் இன்னும் அதிகமானால் ஒரு நீர் மூலக்கூறைத் தாங்கிய மோனோஹைட்ரோகால்சைட் என்ற படிகம் வரும். 2019-இல், இரண்டு கார்பனேட்டுக்கு ஒரு நீர் என்ற விகிதத்தில், அதுவரை யாரும் அறியாத ஒரு படிகத்தைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் மக்னீசியம் இருந்த கரைசலில், வடிவமற்ற நிலை வழியாக வந்ததுதான். நூறாண்டுக்கு மேல் ஆராய்ந்த ஒரு பொருளில் புதுப் படிகம் கிடைத்தது எனக்கு இன்றும் வியப்பு.

ஒரு சில மில்லிகிராம் பாஸ்பேட்

ஆழ்துளைக் கிணற்று நீரைச் சுட வைக்கும் வீடுகளில் ஹீட்டர் காயிலைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளைத் தோல் ஒன்று மொத்தமாகப் பிடித்திருக்கும். தொழிற்சாலைக் குழாய்களிலும் ஆர்ஓ சவ்வுகளிலும் இதே தொல்லை. இதைத் தடுக்க நீரில் பாலிபாஸ்பேட் கலக்கும் வழக்கம் 1930-களில் வந்தது. எல்லோரையும் குழப்பியது அதன் அளவு. ஒரு லிட்டரில் 200 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான கடினத்தன்மை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 2 மில்லிமோல் கால்சியம். அதில் 2 மில்லிகிராம் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் போட்டால் பாஸ்பேட் அலகுகள் 0.02 மில்லிமோல்தான். நூறு கால்சியத்துக்கு ஒரு பாஸ்பேட். கால்சியத்தைப் பிடித்து அடக்கிவைக்க இது எந்த மூலைக்கும் போதாது. ஆனாலும் படிவு நிற்கிறது.

விடை, அது கால்சியத்தைத் தேடிப் போவதில்லை என்பதில் இருக்கிறது. புதிதாக முளைக்கும் படிகக் கருவின் பரப்பில், அயனி வந்து சேரும் படியோரங்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. வாசற்படியில் ஒருவர் உட்கார்ந்தால் வீட்டுக்குள் யாரும் போக முடியாது. வீட்டை நிரப்ப வேண்டியதில்லை. இன்று குளிர்விப்புக் கோபுரங்களிலும் ஆர்ஓ ஆலைகளிலும் பயன்படும் பாஸ்போனேட்டுகள், பாலிஅக்ரிலேட்டுகள் எல்லாம் இந்த வழியில் வந்தவை.

இதே வேலையை நண்டு, இறால் குடும்பம் நமக்கு வெகுகாலம் முன்பே கற்றுவைத்திருக்கிறது. கிரேஃபிஷ் என்னும் நன்னீர் உயிரி சட்டை கழற்றும் முன் பழைய ஓட்டிலிருந்த கால்சியத்தை உருவி, இரைப்பையின் சுவரில் இரண்டு வெள்ளைக் கற்களாகச் சேமிக்கும். சட்டை கழன்றதும் அந்தக் கற்களைக் கரைத்துப் புது ஓட்டுக்குக் கொண்டுபோகும். கல்லில் இருப்பது பெரும்பாலும் வடிவமற்ற கார்பனேட். கால்சைட்டாக இருந்தால் அவசரத்துக்குக் கரையாது. அதைப் படிகமாகவிடாமல் காப்பது எது என்று தேடிய ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் கண்டது பாஸ்போஎனால்பைருவேட்டும் 3-பாஸ்போகிளிசரேட்டும். சர்க்கரையை எரித்து ஆற்றல் எடுக்கும் பாதையில் எல்லா உயிரணுக்களிலும் உண்டாகும் சாதாரண மூலக்கூறுகள் இவை. பாஸ்பேட்டும் கார்பாக்சிலும் ஒரே மூலக்கூறில் இருப்பதுதான் சூட்சுமம். தனியாக ஒரு காவல்காரனை உருவாக்காமல், அடுப்படியில் இருந்தவனையே காவலுக்கு வைத்திருக்கிறது அந்த உயிரி.

உள்ளேயா, வெளியேயா?

போட்ஸ்டாமில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தோடு தொடர்புள்ள ஒரு குழு 2020-இல் பல சேர்மானங்களை ஒரே முறையில் ஒப்பிட்டு, வடிவமற்ற கார்பனேட்டைக் காக்க அடிப்படையில் இரண்டு வழிகள் உண்டு என்று சொன்னது. ஒன்று உருண்டைக்குள் புகுந்து கலப்பது. மற்றது மேற்பரப்பில் போர்த்துவது. உள்ளே கலப்பது உருண்டையின் கரைதிறனையும் நீரின் பிடிப்பையும் மாற்றும். மேலே போர்த்துவது கரைந்து வெளியேறுவதையும், பரப்பில் படிகக் கரு முளைப்பதையும் தடுக்கும்.

மேற்போர்வைக்கு நல்ல எடுத்துக்காட்டு சிலிக்கா. சோடியம் சிலிக்கேட் கலந்த காரக் கரைசலில் கார்பனேட் உருண்டை வளரும்போது, பைகார்பனேட்டிலிருந்து கார்பனேட் எடுக்கப்பட்டு, மிஞ்சிய ஹைட்ரஜன் அயனி அருகிலேயே வெளியாகிறது. உருண்டையைச் சுற்றி மட்டும் காரத்தன்மை சற்றே குறையும். காரம் குறைந்தால் சிலிக்கா கரைசலில் நிற்காது. உருண்டையின் மேலேயே தோலாகப் படிந்துவிடும். உருண்டை வளர்ந்த வினையே அதற்கு உறை போடுகிறது. இதை 2010-இல் கெல்லர்மையர் குழு காட்டியது. அத்தி இனத்து மரங்களின் இலையைக் குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் மேல்தோல் உயிரணுக்களில் திராட்சைக் குலை போலத் தொங்கும் சிஸ்டோலித் என்ற கனிமக் கட்டி தெரியும். அதில் வடிவமற்ற கார்பனேட்டும் சிலிக்காவும் சேர்ந்தே இருக்கின்றன. இலையில் ஈரம் இருந்தும் அந்தக் கார்பனேட் படிகமாவதில்லை.

பாலிமர்களின் கதை இன்னும் விசித்திரம். ஆய்வாளர் லாரி கோவர் பாலிஅஸ்பார்டேட் என்ற அமிலத்தன்மையுள்ள பாலிமரை மைக்ரோகிராம் அளவில் சேர்த்தபோது, வந்த வடிவமற்ற திரள் திரவத்துளி போல நடந்துகொண்டது. துளிகள் ஒன்றோடொன்று இணைந்து கண்ணாடிமேல் படலமாகப் பரவி, பிறகு அந்தப் படலமே கால்சைட்டானது. 2000-இல் வெளியான இந்த ஆய்வு பெரிய கேள்விக்கு ஒரு வாசல் திறந்தது. வளைந்தும் நெளிந்தும் துளைபட்டும் இருக்கும் கடல் முள்ளெலியின் எலும்புக்கூடு எப்படி ஒற்றைப் படிகமாக இருக்க முடியும்? வளையக்கூடிய நிலையில் அச்சில் ஊற்றி, பிறகு படிகமாக்கினால் முடியும். பெனியாஷ், ஐசன்பெர்க், அடாடி, வைனர் நால்வரும் 1997-இல் கடல் முள்ளெலிக் குஞ்சின் நுண்முள் முதலில் வடிவமற்றதாகவே வருகிறது என்று நிறுவியிருந்தார்கள். பின்னர் எஸ்எம்50 என்ற புரதம் அந்த நுண்முள்ளில் நீர் வெளியேறும் கட்டத்தைத் தாமதப்படுத்துகிறது என்றும் தெரியவந்தது. மக்னீசியம் செய்வதையே புரதம் வேறு கருவியால் செய்கிறது.

தூத்துக்குடிக் கடலின் முத்துச்சிப்பியான பிங்க்டாடா ஃபுகாட்டா இந்த ஆராய்ச்சியில் முக்கியமான உயிரி. 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வளர்ப்பு முத்தை எடுத்தது இந்தச் சிப்பியிலிருந்துதான். இதே இனத்தின் முத்துப் படலத்திலிருந்து பிஃப் என்ற புரதத்தை ஜப்பானில் 2009-இல் பிரித்தெடுத்தார்கள். அதன் ஒரு பகுதி அரகோனைட்டைத் தேடி ஒட்டுகிறது. அந்தப் பகுதியைத் தனியே தயாரித்துப் பார்த்த பிற்கால ஆய்வில், அது கால்சியத்தோடு சேர்ந்து துளிகளாகத் திரண்டு, வடிவமற்ற கார்பனேட்டைக் காப்பதும் தெரிந்தது. முதலில் காத்துவைத்து, பிறகு எந்தப் படிகமாக வேண்டுமோ அந்தப் பக்கம் கைபிடித்துக் கொண்டுபோவது.

தடுப்பானும் ஊக்கியும் ஒரே பொருளாக இருக்க முடியும் என்பதற்கு அடாடியும் வைனரும் 1985-இல் காட்டிய சான்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஓடுகளிலிருந்து எடுத்த அமிலத்தன்மையுள்ள புரதம், கரைசலில் தன்னிச்சையாகத் திரியும்போது கால்சைட் வளர்ச்சியைத் தடுத்தது. அதே புரதத்தை ஒரு திடப்பரப்பில் ஒட்டவைத்தபோது படிகக் கரு முளைக்க இடம் கொடுத்தது. புரதம் மாறவில்லை, அது நின்ற இடம்தான் மாறியது. 1996-இல் அவர்கள் குழு கைட்டின் என்ற ஓட்டு நாரையும் பட்டுப் புரதத்தையும் மேடையாக அமைத்து, அரகோனைட் ஓட்டின் புரதத்தைச் சேர்த்தால் அரகோனைட்டும், கால்சைட் ஓட்டின் புரதத்தைச் சேர்த்தால் கால்சைட்டும் வருவதையும் காட்டியது.

கடுக்காயும் கருப்பட்டியும்

நீற்றிய சுண்ணாம்பு சுவரில் இறுகுவது பள்ளிச் சோதனைதான், மெதுவாக, மணலுக்கு நடுவே. காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு ஈரத்தில் கரைந்து சுண்ணாம்போடு சேர்கிறது. அங்கேயும் முதலில் வருவது வடிவமற்ற கார்பனேட், பிறகு கால்சைட். ஆகவே சாந்தில் என்ன கலக்கிறோமோ அதுவும் சேர்மானம்தான்.

தமிழ்நாட்டில் கொத்தனார்கள் கடுக்காயை உடைத்து நாள்கணக்கில் ஊறவைத்த நீரையும் கருப்பட்டிக் கரைசலையும் சாந்தில் ஊற்றி அரைத்தார்கள். செட்டிநாட்டு வீடுகளின் மெருகுப் பூச்சில் முட்டை வெண்கருவும் சேர்ந்தது. கடுக்காயில் இருப்பது டானின் என்னும் பலபீனால். கருப்பட்டியில் இருப்பது சுக்ரோஸ். சர்க்கரை கால்சியத்தோடு இணைந்து சுண்ணாம்பின் கரைதிறனை வெகுவாக உயர்த்தும். வெண்கருவில் முதன்மைப் புரதம் ஓவால்புமின். 2011-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் இதே ஓவால்புமின் வடிவமற்ற கார்பனேட்டை வலுவாகக் காப்பதாகக் காட்டினார்கள். கோழியும் தன் ஓட்டை வடிவமற்ற நிலை வழியாகத்தான் கட்டுகிறது. ஐந்து கிராம் அளவு கனிமத்தை ஒரு நாளுக்குள் கட்டிமுடிக்க அந்த வழி தேவைப்படுகிறது.

வேறு நாடுகளிலும் இதே கைப்பழக்கம். சீனாவில் சுண்ணாம்பில் ஒட்டும் அரிசிக் கஞ்சி கலந்தார்கள். அதிலுள்ள அமைலோபெக்டின் என்ற மாவுப்பொருள் கால்சைட் படிகங்களைப் பெரிதாக வளரவிடாமல், சிறிதாகவும் நெருக்கமாகவும் வைக்கிறது என்று 2010-இல் ஹாங்ஜோ ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஹோண்டுராசின் கோபான் நகரில் பழங்கால மாயா நாகரிகத்தின் கொத்தர்கள் உள்ளூர் மரப்பட்டைச் சாற்றைக் கலந்தார்கள். கிரானடா பல்கலைக்கழகக் குழு 2023-இல் அந்தப் பூச்சை ஆராய்ந்து, கரிமச்சேர்மம் உள்ளே புகுந்த கால்சைட், நுண்ணமைப்பில் சிப்பி ஓட்டின் கால்சைட்டை ஒத்திருப்பதையும், எளிதில் உடையாததாக இருப்பதையும் கண்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று பெருமை பேசி நிறுத்திக்கொள்வது எனக்கு உவப்பில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அளவு. அதைத்தான் நாம் இழந்துகொண்டிருக்கிறோம். கருப்பட்டி கூடிப்போனால் சாந்து இறுக நாளாகும், மழையில் கரையும். குறைந்துபோனால் பலன் இல்லை. கடுக்காய் எத்தனை நாள் ஊற வேண்டும், எந்தச் சுண்ணாம்புக்கு எவ்வளவு என்பது கொத்தனாரின் கையில் இருந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்புக்கும் கல் சுண்ணாம்புக்கும் கைப்பக்குவம் வேறு. பழைய கோயில், அரண்மனைச் சுவர்களைச் சிமென்ட் பூசிக் கெடுக்காமல் சுண்ணாம்பாலேயே பழுதுபார்க்க விரும்புகிறவர்களுக்கு அந்த அளவுகள் எண்ணாக வேண்டும்.

எண்ணாக்கும் வழி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அகச்சிவப்பு நிறமாலையில் கால்சைட்டுக்கு 713 என்ற அலையெண்ணில் ஒரு கூரிய கோடு உண்டு. வடிவமற்ற கார்பனேட்டில் அந்தக் கோடு இருக்காது. கல்லூரி வேதியியல் துறைகள் பலவற்றில் இந்த நிறமாலையை எடுக்கும் கருவி இருக்கிறது. கடுக்காய் நீர் ஊற்றிய சாந்து ஒன்று, கருப்பட்டி மட்டும் சேர்த்தது ஒன்று, வெறும் நீரில் குழைத்தது ஒன்று. மூன்றிலிருந்தும் ஒரு சிட்டிகையை முதல் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் சுரண்டி எடுத்து, எதில் அந்தக் கோடு எந்த நாளில் எழுகிறது என்று ஒரு மாணவர் குறித்துவைத்தால் போதும்.